ஒலிப்பதிவில் ஓர் இருமல்

ரேடியோஹெட் குழுவின் கச்சேரிகளை முப்பது வருடமாகக் கட்டிக் காக்கும் ரசிகர்களின் கதை

"மறுபடி மேடையேறினால் முதலில் எந்தப் பாட்டை எடுப்பார்கள்?"

ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் ரசிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். 2018 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் கச்சேரியை முடித்துவிட்டு இறங்கிய அந்த ஐந்து பேரும் ஏழு வருடம் ஒன்றாக மேடைப் பக்கமே வரவில்லை. பாடகர் தாம் யார்க்கும் கிதார் கலைஞர் ஜானி கிரீன்வுட்டும் 'தி ஸ்மைல்' என்று வேறொரு குழுவைத் தொடங்கி, மூன்று ஆல்பங்களும் போட்டுவிட்டார்கள். "இனி அவ்வளவுதான்" என்றது ஒரு கட்சி. "வருவார்கள், பொறு" என்றது இன்னொரு கட்சி. பொறுத்திருந்த கட்சி அந்த ஏழு வருடமும் முதல் பாட்டைப் பற்றி வாதாடி ஓயவில்லை.

2025 நவம்பர் 4. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் மொவிஸ்டார் அரங்கம். அரங்கின் ஓரத்தில் இருக்கவேண்டிய மேடை நட்ட நடுவில் வட்டமாக இருந்தது, நாலாபுறமும் மக்கள். விளக்குகள் அணைந்தன. மழைத்துளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தகரத்தில் விழுவதுபோல் ஒரு கிதார் இழை கிளம்பியது. 'லெட் டவுன்'.

அந்தப் பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1997-இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்துக்காக, இங்கிலாந்தில் பாத் நகருக்கு அருகே ஒரு பழைய மாளிகையின் நடனக் கூடத்தில், விடியற்காலை 3 மணிக்குப் பதிவான பாட்டு அது. ஆல்பத்தைக் கொண்டாடியவர்கள்கூட அதிகம் பேசாத பாட்டு. குழுவும் பல வருடம் அதை மேடையில் அபூர்வமாகத்தான் தொட்டது. ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. ஒவ்வொரு சுற்றுப்பயணத்துக்கும் முன்னால் "இந்த முறையாவது 'லெட் டவுன்' உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு, அது வெளிவந்தபோது பிறந்திராத பிள்ளைகள் தங்கள் கைப்பேசிக் குறும்படங்களுக்கு அதைப் பின்னணியாக வைக்கத் தொடங்கினார்கள். 28 வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 91-ஆவது இடத்தில் அந்தப் பாட்டு வந்து உட்கார்ந்தது. மூன்று மாதத்தில் மாட்ரிட் மேடையில் முதல் பாட்டாக ஒலித்தது.

எழுதியதும் வாசித்ததும் குழுதான். ஆனால் இருபத்தெட்டு வருடம் அந்தப் பாட்டின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் கேட்டவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

பட்டியல் என்னும் பேச்சு

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு வட்டாரத்தில், ஆபிங்டன் என்னும் ஊரின் பள்ளியில் 1985-இல் சேர்ந்த கூட்டம் இது. வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்ததால் 'ஆன் எ ஃப்ரைடே' என்பதுதான் முதலில் வைத்த பெயர். தாம் யார்க், ஜானி கிரீன்வுட், அவருடைய அண்ணன் காலின், எட் ஓ'பிரையன், டிரம்ஸ் வாசிக்கும் ஃபில் செல்வே. நாற்பது வருடமாகியும் ஆள் மாறவில்லை. ராக் இசை உலகில் இது சாதாரண விஷயமில்லை.

பெரிய அரங்குகளில் நடக்கும் பல கச்சேரிகளில் பாட்டு வரிசை முன்கூட்டியே முடிவாகிவிடும். விளக்கு, திரை, காட்சிகள் எல்லாம் அந்த வரிசையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஊர் மாறினாலும் வரிசை மாறாது. ரேடியோஹெட் அப்படிச் செய்வதில்லை. 2025-இல் மாட்ரிட், பொலோன்யா, லண்டன், கோபன்ஹேகன், பெர்லின் என்று ஐந்தே நகரங்களில், நகரத்துக்கு நான்கு இரவுகளாக இருபது கச்சேரிகள். அதற்காக ஒத்திகை பார்த்த பாடல்கள் அறுபதைத் தாண்டும். ஓர் இரவில் வாசிக்க முடிந்தது இருபத்தைந்து பாட்டு. ஆக, ஒவ்வோர் இரவும் பட்டியல் மாறும். நேற்று வந்தது இன்று வரலாம், வராமலும் போகலாம்.

ரசிகர்களின் கணக்கு இங்கே ஆரம்பிக்கிறது. முதல் இரவு 'ஓகே கம்ப்யூட்டர்' பாடல்கள் நிறைய வந்துவிட்டால் இரண்டாம் இரவு எதற்கு இடம் கிடைக்கும்? எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு வந்தால் கிதாரை மாற்ற வேண்டியதில்லை? கடைசியில் மறுபடி மேடையேறி வாசிக்கும் பாடல்களில் இதுவரை வராதது எது? நான்கு இரவுக்கும் டிக்கெட் கிடைத்தவருக்கு ஒரு கணக்கு. ஒரே ஓர் இரவு வாய்த்தவருக்கு வேறு கணக்கு. தான் போகிற இரவில் தன் பாட்டு வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது.

வெளியிலிருந்து பார்த்தால் இது வெட்டிப்பேச்சாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒரு பாட்டு எந்த ஊரில் எந்த வருடம் வாசிக்கப்பட்டது, எப்போது வேகம் குறைந்தது, எப்போது ஒரு வரி மாறியது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த இசையின் கணக்குப்பிள்ளைகள். நான் இந்தக் குழுவின் கச்சேரி ஒன்றுக்கும் நேரில் போனதில்லை. ஆனாலும் அவர்களுடைய கச்சேரிகளைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்றால், அது இந்தக் கணக்குப்பிள்ளைகள் கொடுத்தது.

ஆல்பத்துக்கு முன்னால் பிறந்த பாட்டு

நண்பன் ஒருவன் சிடி ஒன்று ரைட் பண்ணிக் கொடுத்தான். அட்டையில் பேனாவால் 'ரேடியோஹெட் - லைவ்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை. அதில் ஏழோ எட்டோ பாட்டு தாண்டி, தாம் யார்க் ஒற்றைக் கிதாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடுகிற பாட்டு ஒன்று வந்தது. 'ட்ரூ லவ் வெயிட்ஸ்'. எந்த ஆல்பத்திலும் அன்றைக்கு அது இல்லை. பாட்டு பாதி தாண்டும்போது, கூட்டத்தில் பதிவு செய்தவருக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் இருமுவார். லேசான, அடக்கப் பார்த்து முடியாமல் போன இருமல். அந்தப் பாட்டை நூறு முறை கேட்டிருந்தால், அந்த இருமலையும் நூறு முறை கேட்டிருக்கிறேன்.

குழு அந்தப் பாட்டை முதன்முதலில் வாசித்தது 1995 டிசம்பரில், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில். யாரோ அதைப் பதிவு செய்தார்கள். நாடாவிலிருந்து நாடாவுக்கு, நாடாவிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து கணினிக்கு என்று அது ஊர் ஊராகப் போனது. குழுவோ பல முறை அதை ஸ்டுடியோவில் எடுத்துப் பார்த்து, சரிவரவில்லை என்று எடுத்து வைத்தது. 2001-இல் ஒரு நேரலைத் தொகுப்பில் மட்டும் கிதார் வடிவம் வெளிவந்தது. ஸ்டுடியோவில் பதிவான வடிவம் வெளிவந்தது 2016 மே மாதம், 'எ மூன் ஷேப்ட் பூல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக. முதலில் பாடியபோது இருபத்தேழு வயது இளைஞன் கிதாரை அடித்துக் கேட்ட வேண்டுதல், இப்போது நாற்பத்தேழு வயதுக்காரர் பியானோவின் முன் மெல்லச் சொல்லும் சொல்லாக மாறியிருந்தது. இடையில் இருபது வருடம்.

அந்த இருபது வருடம் பாட்டு எங்கே இருந்தது? குழுவின் அலமாரியில் இருந்த நேரத்தைவிட ரசிகர்களின் கையில் இருந்த நேரம்தான் அதிகம். "இந்த முறை ஆல்பத்தில் வருமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு, ஏமாந்து, மறுபடி பழைய பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டவர்கள் இல்லையென்றால், அது வெறும் ஒரு கைவிட்ட முயற்சியாக முடிந்திருக்கும்.

'லிஃப்ட்' என்ற பாட்டும் அப்படித்தான். 1996-இல் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகப் போனபோது, கூட்டத்தை உடனே கவர்ந்த பாட்டு. அந்த வெற்றியே குழுவைப் பயமுறுத்தியது. அது வந்திருந்தால் தங்கள் பாதையே மாறியிருக்கும் என்று எட் ஓ'பிரையன் பின்னாளில் சொன்னார். கேட்டவர்கள் 21 வருடம் காத்திருந்தார்கள். 2017-இல் 'ஓகே கம்ப்யூட்டர்' இருபது வருட நிறைவுத் தொகுப்பில் வந்து சேர்ந்தது. 'நியூட்' பாட்டோ தொண்ணூறுகளின் கடைசியில் மேடையில் பிறந்து, 2007-இல்தான் ஆல்பத்தைப் பார்த்தது.

இதன் மறுபக்கத்தை 2000-ஆம் வருடக் கோடையில் குழுவே கண்ணால் பார்த்தது. 'கிட் ஏ' ஆல்பம் வெளிவர இன்னும் சில மாதங்கள் இருந்தன. மத்தியதரைக் கடலோர நகரங்களில் புதிய பாடல்களை வாசித்துக்கொண்டே போனார்கள். பார்சிலோனாவில் வாசித்த மறுநாளே அந்தக் கச்சேரி முழுக்க, இணையத்தில் பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டரில் வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து இஸ்ரேலில் மேடையேறியபோது, வெளிவராத பாடல்களைக் கூட்டம் வரி பிசகாமல் கூடவே பாடியது. திருட்டு, நஷ்டம் என்று இசை நிறுவனங்கள் நாப்ஸ்டர்மீது வழக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. காலின் கிரீன்வுட்டோ அந்த அனுபவத்தை அருமையானது என்று நினைவுகூர்ந்தார். தனிப்பாட்டாக எதையும் வெளியிடாமல், வழக்கமான வீடியோ எதுவும் எடுக்காமல் வந்த 'கிட் ஏ' அந்த அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கேட்டவர்கள் ஏற்கெனவே அந்தப் பாட்டுகளோடு பழகியிருந்தார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேடையில் நிற்பவருக்குக் கேட்காதது

1997 ஜூன் 28, இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழா. மழையில் சேறாகிக் கிடந்த மைதானம். வாசித்துக்கொண்டிருந்தபோது, தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்பதற்காக மேடையில் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. முகத்தில் அடித்த விளக்கில் தாம் யார்க்குக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் இருக்கிறதா என்று பார்க்க, விளக்கை மக்கள் பக்கம் திருப்பச் சொன்னார். மேடையை விட்டு இறங்கிவிடலாம் என்கிற நிலைக்குப் போனவரைப் பக்கத்தில் இருந்த எட் ஓ'பிரையன்தான் பிடித்து நிறுத்தினார். அவர்களைப் பொறுத்தவரை அது கெட்ட கனவு. கேட்டவர்களைப் பொறுத்தவரை அந்தத் திருவிழாவின் வரலாற்றிலேயே தலைசிறந்த கச்சேரிகளில் ஒன்று. இன்றுவரை அந்தத் தீர்ப்பு மாறவில்லை.

மேடையில் நிற்பவருக்குத் தன் தவறுகள்தான் முதலில் கேட்கும். அன்றைக்கு நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கு எதிரே நின்றவர் வேண்டும். 2025-இல் தாம் யார்க்குக்கே இது நேர்ந்தது. 2003-இல் வந்த 'ஹெயில் டு தி தீஃப்' ஆல்பத்தை ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டோடு சேர்த்து மான்செஸ்டரில் ஒரு நாடகம் தயாரானது. அதற்காகப் பழைய கச்சேரிப் பதிவுகளை எடுத்துக் கேட்டவர், இவ்வளவு வேகத்தோடா வாசித்திருக்கிறோம் என்று அசந்துபோனார். அந்தப் பதிவுகளே 2025 ஆகஸ்டில் தனித் தொகுப்பாக வெளிவந்தன. ரசிகர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்தப் பாடல்கள் ஸ்டுடியோவில் இருந்ததைவிட மேடையில் பொங்கும் என்பது அவர்கள் இருபது வருடமாகச் சொல்லிவந்த விஷயம்.

'க்ரீப்' பாட்டு விஷயத்தில் மட்டும் குழுவுக்கும் கூட்டத்துக்கும் பல வருடம் மல்லுக்கட்டு. 1992-இல் வந்து உலகம் முழுக்க அவர்களை அறிமுகம் செய்தது அந்தப் பாட்டு. அதையே கேட்டுக் கேட்டு நச்சரித்ததில் அவர்களுக்கு வெறுத்துவிட்டது, ஒதுக்கி வைத்தார்கள். 2001 ஜூலை 7-ஆம் தேதி சொந்த ஊரான ஆக்ஸ்ஃபர்டில், சவுத் பார்க் மைதானத்தில் கச்சேரி. மழை. கடைசிப் பகுதியில் 'மோஷன் பிக்சர் சவுண்ட்டிராக்' பாட்டை எடுத்தபோது கீபோர்டு மக்கர் செய்தது. அந்த இடைவெளியை நிரப்ப, ஒதுக்கி வைத்திருந்த 'க்ரீப்' பாட்டை எடுத்தார்கள். நனைந்து நின்ற பல்லாயிரம் பேரும் சேர்ந்து பாடினார்கள். ஒரு கருவி கெட்டுப்போனதால் கிடைத்த அந்த நிமிடங்களை ஆக்ஸ்ஃபர்டுக்காரர்கள் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ப்ராக் நகரில் ஐம்பது கைகள்

நேரில் போகாத என்னைப் போன்றவர்கள் கச்சேரியை முழுதாகப் பார்த்தது ப்ராக் படத்தில்தான்.

2009 ஆகஸ்ட் 23-ஆம் தேதி செக் நாட்டின் தலைநகர் ப்ராக் நகரில் கச்சேரி. போகவிருந்த ரசிகர்கள் சிலர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு சின்னக் கேமரா. ஆளுக்கொரு மூலை. சுமார் ஐம்பது பேர் படம் பிடித்தார்கள். அத்தனை பதிவுகளையும் ஒன்றுசேர்த்து, வெட்டி, ஒட்டி, பாட்டோடு பொருத்த ஒரு வருடம் ஆனது. படம் தயாராகிவந்த நிலையில் குழுவிடமிருந்து ஓர் உதவி வந்தது: கச்சேரியின் அசல் ஒலிப்பதிவையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2010-இல் படம் இலவசமாக வெளியானது. இதை யாரும் விற்கக்கூடாது, பகிர்ந்துகொள்ளுங்கள் என்பதே செய்தவர்களின் வேண்டுகோள்.

அந்தப் படத்தை ஹெட்போனில் பார்க்க வேண்டும். ஒலி, மேடையிலிருந்து நேராக வருகிற தெளிவு. படம் அப்படி இல்லை. கேமரா ஒரு கணம் தெளிவு தேடி மங்கும், பிறகு தெளியும். முன்னால் நிற்பவரின் தோள் குறுக்கே வரும். தூக்கிப் பிடித்த கை சோர்ந்து சற்றே இறங்கும், மறுபடி ஏறும். தொழில்முறைப் படப்பிடிப்பில் இவையெல்லாம் வெட்டி எறிய வேண்டியவை. இங்கே அவைதான் அரங்கத்துக்குள் உங்களை நிற்க வைக்கின்றன. உயரத்திலிருந்து பறந்து வரும் கேமரா ஒருபோதும் காட்டாத ஒன்றை அந்தக் கை நடுக்கம் காட்டும்: கூட்டத்தில் ஒருவராக நிற்பது எப்படி இருக்கும் என்பதை.

ப்ராக் கச்சேரிக்கு அடுத்த ஜனவரி, 2010-இல், ஹெய்டியில் பூகம்பம். சில நாட்களிலேயே ரேடியோஹெட் லாஸ் ஏஞ்சலிஸில் நிவாரணக் கச்சேரி வைத்தது. டிக்கெட்டுகள் ஏலத்தில் போயின. ஆக்ஸ்ஃபாம் அமைப்புக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தக் கச்சேரியையும் ரசிகர்கள் படமாக்கி, பார்ப்பவர்கள் நன்கொடை தரும்படி கேட்டு வெளியிட்டார்கள். 2020-இல் உலகம் வீட்டுக்குள் முடங்கியபோது குழு தன் பழைய கச்சேரிகளை வாரம் ஒன்றாக யூடியூபில் இலவசமாகப் போட்டது. முதலில் போட்டது, 2000 அக்டோபரில் டப்ளினில் கூடாரம் போட்டு வாசித்த கச்சேரி. ரசிகர்கள் பல வருடம் செய்துவந்த வேலையைக் குழுவும் கையில் எடுத்துக்கொண்டதாகவே எனக்குப் பட்டது.

வலிக்கும் இடங்கள்

பேச்சு எல்லாம் இனிப்பல்ல. 2012 ஜூன் 16-ஆம் தேதி கனடாவின் டொராண்டோவில், வாசல் திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மேடைக் கூரை சரிந்து விழுந்தது. குழுவின் டிரம் தொழில்நுட்பக் கலைஞர் ஸ்காட் ஜான்சன் இறந்தார்; மூவர் காயமடைந்தனர். வழக்கு இழுத்துக்கொண்டே போய், காலதாமதத்தைக் காரணம் காட்டி 2017-இல் கைவிடப்பட்டது. 2018 ஜூலையில் குழு டொராண்டோவுக்குத் திரும்பி வந்தபோது, இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை என்று மேடையிலேயே சொன்ன யார்க், ஒரு நிமிட மௌனம் கேட்டார். அந்த அரங்கம் மொத்தமும் மௌனமானது. ரசிகர்கள் அந்தக் கச்சேரியைப் பற்றிப் பேசும்போது பாட்டுப் பட்டியலைவிட அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வார்கள்.

இன்னொரு வலி இன்றும் ஆறவில்லை. 2000-இல் புதுப் பாடல்களைக் கூட்டம் கூடவே பாடிய அதே இஸ்ரேலில், 2017 ஜூலையில் டெல் அவிவ் நகரில் குழு வாசித்தது. போகாதீர்கள் என்று பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, இயக்குநர் கென் லோச், பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் உள்ளிட்டோர் கேட்டுக்கொண்டும் போனார்கள். காஸா போருக்குப் பிறகு அந்த முடிவு ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. 2025 சுற்றுப்பயணத்தையே புறக்கணிக்கச் சொல்லி பாலஸ்தீன ஆதரவு இயக்கத்தினர் அழைப்பு விடுத்தனர். இஸ்ரேலின் நெதன்யாகு ஆட்சியின் பக்கமே போக விரும்பவில்லை என்று யார்க் அந்த அக்டோபரில் பேட்டி கொடுத்தார்; ஜானி கிரீன்வுட் புறக்கணிப்பை ஏற்கவில்லை. குழுவுக்குள்ளேயே கருத்து இரண்டாக இருக்கும்போது ரசிகர்களிடம் ஒன்றாக இருக்குமா? டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு, இருபது வருட நேசத்தை வைத்துக்கொண்டே எடுக்காமல் விட்டவர்களும் உண்டு. இரண்டு முடிவுமே அந்த இசையைப் பெரிதாக நினைத்தவர்கள் எடுத்தவை. தனக்கு ஒரு பொருட்டே இல்லாத குழுவோடு யாரும் இப்படிச் சண்டை போடுவதில்லை.

அடுத்த பயணம் எப்போது?

சுற்றுப்பயணம் வரப்போகிறது என்பதை அறிவிப்புக்கு முன்பே ரசிகர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். புதிய வேலை எதையாவது தொடங்கும் முன் ஒரு புதிய கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது இந்தக் குழுவின் பழக்கம். 2025 மார்ச்சில் பிரிட்டனின் நிறுவனப் பதிவேட்டில் 'ஆர்ஹெச்இயூகே25' என்ற பெயர் ஏறியது. ஆர்ஹெச் என்றால் ரேடியோஹெட், இயூ என்றால் ஐரோப்பா, யூகே, 25. பெயரைப் பிரித்துப் படித்தவர்கள் அன்றைக்கே மூட்டை கட்டும் மனநிலைக்குப் போய்விட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் சில நகரங்களில் துண்டுப்பிரசுரங்கள் தென்பட்டன. 3-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. முந்தின வருடம் சும்மா வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் கூடியதாகவும், ஏழு வருட இடைவெளிக்குப் பின் அது இதமாக இருந்ததாகவும் ஃபில் செல்வே எழுதினார். முன்பதிவு செய்து, குறியீடு வந்தவர்களுக்கு மட்டுமே டிக்கெட் என்று வைத்தார்கள். கள்ளச் சந்தையைத் தடுக்கும் அந்த ஏற்பாட்டிலும், குறியீடு வராத ஏராளமானோர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

வெளியே நின்றவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஐந்து நகரங்கள், அவை அத்தனையும் ஐரோப்பாவில். மற்ற கண்டத்துக்காரர்கள் விமானம் ஏற வேண்டும். இந்தக் குழு இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறது. 2003, 2006 அமெரிக்கச் சுற்றுப்பயணங்களால் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று ஆய்வு செய்யச் சொன்னபோது தெரியவந்தது, குழுவின் லாரிகளையும் விமானங்களையும்விட ரசிகர்கள் கச்சேரிக்கு வந்துபோன பயணம்தான் பெரும் பங்கு என்பது. அதனால் 2008-இல் பேருந்தும் ரயிலும் போகிற அரங்குகளைத் தேடினார்கள். கருவிகளைக் கப்பலில் அனுப்பினார்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் எல்.இ.டி. விளக்குக்கு மாறினார்கள். ஒரு கச்சேரி எங்கே நடக்கிறது என்பது, யார் எவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறது என்ற கேள்வியும்தான் என்று புரிந்துகொண்ட குழு இது. அடுத்த சுற்றிலாவது அந்தப் புரிதல் எங்கள் கண்டத்துக்கும் வரட்டும் என்று தொலைதூர ரசிகர்கள் கேட்பதில் தவறே இல்லை.

நம் நாட்டின் இசைக்கும் அவர்கள் மேடையில் ஒருமுறை இடம் கிடைத்தது. 2015-இல் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் இசைக்கலைஞர் ஷை பென் ட்சூர், ராஜஸ்தான் கலைஞர்கள், ஜானி கிரீன்வுட் எல்லோரும் சேர்ந்து 'ஜுனூன்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். 2018-இல் ரேடியோஹெட் அமெரிக்காவில் வாசித்தபோது, முன்கச்சேரி அந்த ஜுனூன் குழுவுடையது. ரேடியோஹெட்டுக்காக வந்த கூட்டம் முதலில் கேட்டது கவ்வாலியையும் டோலக்கையும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அன்றிரவு வீட்டுக்குப் போய் ராஜஸ்தானைத் தேடியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2025 டிசம்பரில் கோபன்ஹேகனின் முதல் இரண்டு இரவுகள் யார்க்கின் தொண்டைத் தொற்றால் தள்ளிப்போய், மாத நடுவில் நடந்து முடிந்தன. அத்தோடு அந்தச் சுற்று நிறைவுற்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. அடுத்தது எந்தக் கண்டம்? புதிய ஆல்பம் வருமா? ஒத்திகை பார்த்தும் வாசிக்காத பாடல்கள் எவை? இந்த முறை முதல் பாட்டு எது?

'ட்ரூ லவ் வெயிட்ஸ்' ஸ்டுடியோ வடிவம் வெளிவந்த 2016 மே மாதத்தில் ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பியானோ ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லப் படிந்தது. குரல் தேய்ந்திருந்தது, அழகாக இருந்தது. பாதிப் பாட்டு தாண்டியபோது என்னை அறியாமல் காது எதையோ எதிர்பார்த்து நின்றது. அந்த இருமல் வரவில்லை. ஸ்டுடியோவில் யார் இருமப் போகிறார்கள்?

மறுநாள் அலமாரியைத் துழாவி நண்பன் கொடுத்த சிடியை எடுத்தேன். பேனா மை வெளிறிப்போயிருந்தது. பாட்டு ஓடியது. பாதி தாண்டியது. எந்த ஊர் என்றே தெரியாத ஓர் அரங்கில், பெயர் தெரியாத யாரோ ஒருவர், அதே இடத்தில் இருமினார். அவர் அன்றைக்கு அங்கே வந்து நின்றார். பக்கத்தில் நின்றவர் பதிவு செய்தார். அதனால்தான் பாட்டு என்னிடம் வந்து சேர்ந்தது.